சின்ன மாத்திரையும் அதை அளந்த பேராசிரியரும்



மாரடைப்பு வந்து பிழைத்து வீடு திரும்புகிறவர்களின் மருந்துச் சீட்டைப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு சின்ன மாத்திரையின் பெயர் இருக்கும். அதுதான் ஆஸ்பிரின். அளவு 75 அல்லது 150 மில்லிகிராம். சீட்டில் உள்ள மருந்துகளிலேயே விலை குறைந்தது அதுவாகத்தான் இருக்கும். "இது தலைவலி மாத்திரை ஆயிற்றே, இருதயத்துக்கு எதற்கு? அதுவும் ஏன் இவ்வளவு சின்னதாக?" என்று நோயாளியின் வீட்டார் வார்டில் கேட்பதுண்டு. வைத்தியருக்கு நேரம் இருந்தால் விளக்குவார். இல்லாவிட்டால், "சாப்பிட்ட பிறகு தினமும் ஒன்று, நிறுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான விடையில் பெரும் பங்கு ஒரு பேராசிரியருடைய உழைப்பிலிருந்து வந்தது. அவர் பெயர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட். அதே மனிதருடைய அதே ஆராய்ச்சிதான், பிற்பாடு கோடிக்கணக்கானோர் விழுங்கிய விலையுயர்ந்த வேறொரு மாத்திரையைக் குறித்து முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்தது. மலிவான மாத்திரை ஒன்று உயிரைக் காத்ததும், விலையுயர்ந்த மாத்திரை ஒன்று உயிருக்கு ஆபத்தானதும் ஒரே காரணத்தால்தான். அந்தக் காரணத்தை உங்களுக்கு எளிமையாய் விளக்கிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கிளினிக்கல் பார்மகாலஜி என்றால் என்ன?

மருந்துகளைக் குறித்த படிப்புக்கு மருந்தியல் என்று பெயர். அதில் ஒரு பிரிவு கிளினிக்கல் பார்மகாலஜி. ஆய்வுக்கூடத்துக் குழாயிலும் எலியிலும் மட்டும் அல்லாமல், உயிருள்ள மனிதருடைய உடம்பில் மருந்து என்ன செய்கிறது என்று அளந்து பார்ப்பதே இதன் வேலை. விழுங்கிய மாத்திரையில் எவ்வளவு இரத்தத்தில் சேருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு கொடுத்தால் போதும், எவ்வளவு கூடினால் கேடு, இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் இவர்கள் கேட்பார்கள். ஒரு கால் வார்டிலும் ஒரு கால் ஆய்வுக்கூடத்திலும் வைத்து நிற்கிற வைத்தியர்கள் இவர்கள்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் அயர்லாந்து தேசத்தவர். 1950-ஆம் ஆண்டு பிறந்தார். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படித்து 1974-இல் பட்டம் பெற்றார். 1980-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஓட்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். 1990-களின் தொடக்கத்தில் டப்ளினுக்குத் திரும்பி அங்கே சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

இரண்டு எதிரெதிர் வேலைக்காரர்கள்

அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள நம் இரத்தக் குழாய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

கையில் கத்தி பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. இதற்கு முதலில் ஓடிவருகிறவை தட்டணுக்கள் என்னும் மிகச் சிறிய அணுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கின்றன. அப்படி ஒட்டும்போது த்ராம்பாக்ஸேன் என்ற பொருளைச் சுரந்து மற்றத் தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. 1975-இல் சுவீடனில் சாமுவேல்சன் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே, 1976-இல், இங்கிலாந்தில் ஜான் வேனும் அவருடைய தோழர்களும் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிற இன்னொரு பொருளைக் கண்டார்கள். அது ப்ராஸ்டசைக்ளின். இரத்தக் குழாயின் உட்சுவர் அதைச் சுரக்கிறது. அது தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுத்து, குழாயை விரிந்த நிலையில் வைக்கிறது.

ஒருவர் "கூடுங்கள்" என்கிறார். மற்றவர் "கலைந்து போங்கள்" என்கிறார். இருவரும் சமமாக இருக்கும்வரை இரத்தம் சுகமாய் ஓடுகிறது. இருதயத்தின் குழாயில் கொழுப்புப் படிந்து, அந்தப் படிவம் வெடித்த இடத்தில் தட்டணுக்கள் அளவுக்கு மிஞ்சிக் கூடிவிட்டால் குழாய் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

ஆஸ்பிரின் வேலை செய்கிற விதத்தை 1971-இல் ஜான் வேன் விளக்கினார். இப்படிப்பட்ட பொருள்களை உடம்பு தயாரிக்க உதவுகிற நொதியை அது தடுக்கிறது என்று காட்டினார். சுருக்கமாக காக்ஸ் என்று அழைக்கப்படுவது அந்த நொதிதான். 1982-இல் வேன், பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஆஸ்பிரின் காக்ஸைத் தடுத்தால், கெடுதி செய்யும் த்ராம்பாக்ஸேனோடு காவல் காக்கும் ப்ராஸ்டசைக்ளினும் சேர்ந்து நின்றுபோகுமே! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதுபோல் ஆகிவிடாதா?

இரத்தத்தில் அல்ல, சிறுநீரில்

இதை அறிய இரண்டு பொருள்களையும் மனிதரில் அளந்து பார்க்கவேண்டும். அங்கேதான் கஷ்டம். இரண்டும் உண்டான சிறிது நேரத்திலேயே மறைந்துபோகிறவை. மேலும், இரத்தம் எடுக்க ஊசி குத்தினாலே தட்டணுக்கள் உசுப்பப்பட்டு அங்கேயே த்ராம்பாக்ஸேனைச் சுரந்துவிடும். அளக்கப் போகிறவரே அளவைக் கெடுத்துவிடுவார்.

எனவே ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். இவ்விரு பொருள்களும் உடைந்து மாறி, கடைசியில் சிறுநீரில் வெளியேறுகின்றன. அந்த மிச்சங்களை நிறமாலைமானி என்னும் நுட்பமான கருவியால் அளந்தால், அந்த மனிதருடைய உடம்பு முழுவதும் எவ்வளவு த்ராம்பாக்ஸேனும் எவ்வளவு ப்ராஸ்டசைக்ளினும் உண்டாயின என்று ஊசி குத்தாமலேயே தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்கு இது பெரிய காரியமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய பிற்கால ஆராய்ச்சி முழுவதற்கும் அஸ்திபாரம் இதுவே.

1983-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு ஆஸ்பிரினைச் சிறிய அளவிலிருந்து பெரிய அளவுவரை கொடுத்து இப்படி அளந்தார்கள். சிறிய அளவிலேயே த்ராம்பாக்ஸேன் வெகுவாகக் குறைந்தது. ப்ராஸ்டசைக்ளின் அந்த அளவுக்குக் குறையவில்லை. அளவைக் கூட்டக் கூட்ட ப்ராஸ்டசைக்ளினும் குறைந்தது. இத்தாலியில் கார்லோ பட்ரோனோவின் குழுவினரும் அதே காலத்தில் சிறிய அளவு ஆஸ்பிரினின் வல்லமையைக் காட்டினார்கள்.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் அதன் நொதியை ஒருமுறை முடக்கிவிட்டால், அதனால் புதிய நொதியைத் தயாரிக்க முடியாது. அது உயிரோடிருக்கும் பத்து நாள்வரை முடங்கியே கிடக்கும். இரத்தக் குழாய்ச் சுவரின் செல்லுக்கோ உட்கரு உண்டு. அது சில மணி நேரத்தில் புதிய நொதியை உண்டாக்கிக்கொள்ளும்.

இரண்டாவது காரணத்தை 1984-இல் பெடர்சன் என்பவரோடு சேர்ந்து ஃபிட்ஸ்ஜெரால்ட் காட்டினார். விழுங்கிய ஆஸ்பிரின் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் சேருகிறது. கல்லீரல் அதில் பெரும் பங்கை உடைத்துவிடுகிறது. ஆனால் உடைவதற்கு முன்பே, அந்த வழியாய்க் கடந்துபோகும் தட்டணுக்கள் ஆஸ்பிரினைச் சந்தித்துவிடுகின்றன. ஊருக்குள் நுழையும் முன்பே சோதனைச் சாவடியில் ஆயுதங்களைப் பறித்துக்கொள்வதுபோல! மற்ற இரத்தக் குழாய்களுக்கு மருந்து மிகச் சொற்பமாகவே போய்ச் சேருகிறது. ஆகையால் அங்கேயுள்ள ப்ராஸ்டசைக்ளின் பெருமளவு தப்புகிறது.

"ஏன் இவ்வளவு சின்ன மாத்திரை?" என்ற கேள்விக்கு இதுதான் விடை. பெரிய மாத்திரை கொடுத்தால் பலன் கூடாது. வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும்தான் கூடும்.

1986-இல், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிற நோயாளிகளிடம் இதே சிறுநீர் அளவையை அவருடைய குழுவினர் பயன்படுத்தினார்கள். வலி வந்த வேளைகளை ஒட்டி த்ராம்பாக்ஸேன் உயர்வதைக் கண்டார்கள். தட்டணுக்கள் அந்த நேரத்தில் கிளர்ந்தெழுகின்றன என்பதற்கு அது சாட்சியாக இருந்தது. 1988-இல் ஐசிஸ்-2 என்ற மாபெரும் பரிசோதனையின் முடிவு வந்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் அதில் பங்கெடுத்தார்கள். ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 100-க்கு 9.4 பேர், பெறாதவர்களில் 11.8 பேர். அதாவது ஒரு மாதம் தினமும் சுமார் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததால், ஆயிரம் நோயாளிகளில் ஏறக்குறைய 24 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். ஏழை எளியவர்கள் வந்து சேரும் ஆஸ்பத்திரிகளுக்கு இது எவ்வளவு பெரிய நன்மை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வலி மாத்திரையின் கதை

இனி இரண்டாவது பாகத்துக்கு வருவோம்.

1990-களின் தொடக்கத்தில் காக்ஸ் நொதி ஒன்றல்ல, இரண்டு என்று தெரியவந்தது. காக்ஸ்-1 வயிற்றின் உட்சுவரைப் பாதுகாக்கிறது; தட்டணுவில் இருப்பதும் அதுவே. காக்ஸ்-2 வீக்கமும் வலியும் உள்ள இடத்தில் பெருகுகிறது. அப்படியானால் காக்ஸ்-2-ஐ மாத்திரம் தடுத்தால் மூட்டுவலி தீரும், வயிறும் கெடாது என்று மருந்துக் கம்பெனிகள் எண்ணின. அது நல்ல எண்ணமே. வாத நோயால் வருஷக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி, வயிற்றுப் புண் வெடித்து இரத்த வாந்தியோடு வந்த நோயாளிகளைப் பார்த்த எவரும் அப்படிப்பட்ட மருந்துக்காக ஏங்கியிருப்பார்கள். செலிகாக்சிப் என்ற மருந்து 1998 டிசம்பர் கடைசியிலும், வையாக்ஸ் என்ற பெயரில் மெர்க் கம்பெனி விற்ற ரோஃபெகாக்சிப் 1999 மே மாதத்திலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதற்கிடையில், 1999 ஜனவரியில், ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான சிலருக்குச் செலிகாக்சிப் கொடுத்து, பழைய முறைப்படியே சிறுநீரை அளந்திருந்தார்கள். த்ராம்பாக்ஸேன் அப்படியே இருந்தது. ப்ராஸ்டசைக்ளினோ வெகுவாகக் குறைந்துபோயிற்று! குழாய்ச் சுவரின் ப்ராஸ்டசைக்ளின் காக்ஸ்-1-இலிருந்து வருகிறது என்றே அதுவரை அநேகர் நம்பியிருந்தார்கள். ஏனெனில் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் அப்படித்தான் தெரிந்தது. தட்டில் அசையாமல் கிடக்கும் செல்லும், இரத்த ஓட்டம் இரவும் பகலும் உரசிக்கொண்டிருக்கும் செல்லும் ஒன்றல்ல. அந்த ஓட்டமே உயிருள்ள உடம்பில் காக்ஸ்-2-ஐ எழுப்பியிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். சிறிய ஆஸ்பிரின் "கூடுங்கள்" என்கிறவருடைய வாயை அடைக்கிறது. புதிய மருந்தோ "கலையுங்கள்" என்கிறவருடைய வாயை அடைக்கிறது. முந்தினது மாரடைப்பைத் தடுக்குமானால், பிந்தினது மாரடைப்பை வரவழைக்கக் கூடுமே!

2000 நவம்பரில் விகார் என்ற பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. வாத நோயுள்ள 8,076 பேரில் ஒரு பாதிக்கு ரோஃபெகாக்சிப்பும் மறு பாதிக்கு நேப்ராக்சன் என்ற பழைய வலி மருந்தும் கொடுக்கப்பட்டன. ரோஃபெகாக்சிப் பெற்றவர்களுக்கு வயிற்றுத் தொல்லைகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் மாரடைப்பு சுமார் நாலு மடங்காக இருந்தது. "புதிய மருந்து கெடுதல் செய்யவில்லை, நேப்ராக்சன்தான் இருதயத்தைக் காத்தது" என்று விளக்கம் கூறப்பட்டது. போலி மாத்திரை பெற்ற மூன்றாவது பிரிவு ஒன்று அந்தப் பரிசோதனையில் இல்லாததால், அந்த விளக்கத்தை உடனே பொய்யென்று நிரூபிக்கவும் முடியவில்லை. கட்டுரை வெளியான இதழே பிற்பாடு, 2005 டிசம்பரில், மூன்று மாரடைப்புகள் அந்தக் கட்டுரையில் சேர்க்கப்படாமல் போயின என்று கவலை தெரிவித்தது.

ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவினர் சும்மா இருக்கவில்லை. 2002-இல் எலிகளில் சோதித்து, ப்ராஸ்டசைக்ளினின் செயல் இல்லாமற்போனால் த்ராம்பாக்ஸேனின் கெடுதல் கட்டுக்கடங்காமல் கூடுகிறது என்று காட்டினார்கள். ஆனாலும் மருந்து விற்பனை நடந்துகொண்டே இருந்தது.

முடிவு 2004-இல் வந்தது. குடலில் கட்டிகள் திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்க்க 2,586 பேரிடம் ரோஃபெகாக்சிப்பைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பரிசோதித்து வந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 46 பேருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 26 பேருக்கும் இரத்தம் உறைவதால் வரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேரிட்டன. இனி நேப்ராக்சனைக் காரணம் காட்ட வழியில்லை. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் கம்பெனி வையாக்ஸை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் 8 கோடிக்கும் அதிகமானோர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கிரஹாமும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் மாத்திரம் 88,000 முதல் 1,40,000 பேர்வரை இதனால் கடும் இருதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம். இந்தியாவிலும் விற்கப்பட்டு வந்த இந்த மருந்தை நம் அரசு 2004 டிசம்பரில் தடை செய்தது. 2007-இல் வழக்குகளைத் தீர்க்க 485 கோடி டாலர் கொடுக்க அந்தக் கம்பெனி சம்மதித்தது.

1999 ஜனவரிக்கும் 2004 செப்டம்பருக்கும் இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல் ஆகிறது. எச்சரிக்கை அச்சிலேயே இருந்தது. அதை மெய்யோ பொய்யோ என்று அறிய, இருதய அபாயத்தையே நோக்கமாகக் கொண்ட ஒரு பெரிய பரிசோதனையை உடனே தொடங்கியிருந்தால், எத்தனையோ குடும்பங்களின் துக்கம் தவிர்ந்திருக்கும். ஒரு மருந்தின் நன்மையைத் தேடுகிற அளவுக்கு அதன் கேட்டையும் தேடவேண்டும். தானாக அகப்படும்வரை காத்திருந்தால், அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் நோயாளிகளே.

நமக்கு என்ன பிரயோஜனம்?

இவையெல்லாம் தூர தேசத்துக் காரியங்கள் என்று எண்ணிவிடாதேயுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு சகஜம்! அநேக பரிசோதனைகளை ஒன்றாய்த் திரட்டி 2013-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, டைக்ளோஃபெனாக் என்ற சாதாரண வலி மாத்திரையும் அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் இருதய அபாயத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. செலிகாக்சிப் இன்றும் எச்சரிக்கைக் குறிப்போடு விற்பனையில் உள்ளது. அதை வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவைப் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

இன்னொரு காரியம். 2001-இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவினர், தினமும் ஐபுப்ரோஃபென் மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டு பிறகு ஆஸ்பிரின் சாப்பிட்டால், ஆஸ்பிரின் தட்டணுவில் வேலை செய்ய முடியாமற்போகிறது என்று காட்டினார்கள். ஆஸ்பிரின் உட்காரவேண்டிய நாற்காலியில் ஐபுப்ரோஃபென் முன்னாலேயே உட்கார்ந்துகொள்கிறது! பாராசிட்டமால் அப்படித் தடுக்கவில்லை. ஆகையால் இருதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் வேறு எந்த வலி மாத்திரையையும் வைத்தியரைக் கேட்காமல் சேர்க்கலாகாது.

ஆஸ்பிரினே ஆனாலும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்கும், இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அதன் நன்மை உறுதியானது. அவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் எந்த நோயும் இல்லாத வயதானவர்கள் "முன்னெச்சரிக்கையாக" எடுத்துக்கொள்வது வேறு காரியம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ பரிசோதனையில், இருதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. கடும் இரத்தக் கசிவு மாத்திரம் கூடிற்று. டெங்கு காய்ச்சல் பரவும் நாட்களில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்க, அது இரத்தக் கசிவை இன்னும் மோசமாக்கும்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் புதிய மாத்திரை எதையும் கண்டுபிடித்துப் புகழடைந்தவர் அல்ல. மற்றவர்கள் கண்டுபிடித்த மருந்துகள் மனித உடம்பில் என்ன செய்கின்றன என்று பொறுமையாய் அளந்து பார்த்தவர். ஒரு மருந்து விலை மலிவு என்பதற்காக அதை அற்பமாக எண்ணவும் இல்லை. எல்லாரும் புகழ்கிறார்கள் என்பதற்காக இன்னொன்றை நம்பிவிடவும் இல்லை. அவருடைய முதல் வேலை ஆஸ்பிரினின் சரியான அளவைக் காட்டிற்று. அதே அளவுகோல் பிற்பாடு வையாக்ஸின் ஆபத்தைக் காட்டிற்று.

அடுத்த முறை நீங்களோ உங்கள் வீட்டாரோ ஆஸ்பத்திரிக்கு வரும்போது, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடையில் வாங்கினவை, பக்கத்து வீட்டார் கொடுத்தவை, எண்ணெய், லேகியம் எதையும் விடவேண்டாம். வைத்தியரிடம் காட்டி, "இவையெல்லாம் சேர்ந்து சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்தப் பேராசிரியர் தம் வாழ்நாளெல்லாம் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.